‘இங்’ ஈறும் தமிழ் இலக்கணமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு எழுதுபவர்களையும் போட்டித்தேர்வு எழுதுபவர்களையும் ஒருசேரச் சறுக்க வைப்பது ஆங்கில வினைகளின் ‘இங்’ ஈறு. ‘இஸ்’ஸுக்குப் பின் ‘இங்’ வந்தால் தொடர்வினை என்று மனப்பாடம் செய்தவர்கள், ‘மை ஹாபி இஸ் ரீடிங்’ என்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். பொழுதுபோக்கு எப்படி வாசித்துக்கொண்டிருக்கும்?

தமிழ் வகுப்பில் படித்ததே இதற்குப் போதும். ‘வாசித்தல்’ என்று வைத்துப் பொருள் பொருந்தினால் தொழிற்பெயர், அதாவது ஜெரண்ட். பெயரெச்சமாகவோ வினையெச்சமாகவோ வந்தால் பார்ட்டிசிபிள். ஒரு சிக்கல் உண்டு. நம் பெயரெச்சம் இடத்தையும் தழுவும். ‘காத்திருக்கும் அறை’ என்கிறோம். எனவே அந்தச் செயலைச் செய்வது யார் என்றும் கேட்க வேண்டும். எழும்பூர் ஸ்டேஷனில் ‘மூவிங் டிரெயின்’ என்றால் நகர்வது ரயிலேதான், அது பார்ட்டிசிபிள். ‘வெயிட்டிங் ரூம்’ என்றால் அறையா காத்திருக்கிறது? அது ஜெரண்ட். உச்சரிப்பும் காட்டிக்கொடுக்கும்: வெயிட்டிங் ரூமில் அழுத்தம் முதல் சொல்லில் விழும், மூவிங் டிரெயினில் டிரெயின் மீதும் விழும்.

பெரிய பிழை வேறு. ‘வாக்கிங் ஆன் மவுன்ட் ரோடு, எ பஸ் ஹிட் ஹிம்’ என்று எழுதினால் நடந்தது பஸ் ஆகிவிடுகிறது. தமிழில் ‘அவர் நடக்கும்போது பஸ் மோதியது’ என இரண்டு எழுவாய் வரலாம். ‘நடந்துகொண்டே’ என்றால் ஒரே எழுவாய்தான். ‘இங்’ இந்த இரண்டாவதைப் போன்றது. ‘நடக்கும்போது’ என்று நினைத்தால் ‘வைல் ஹி வாஸ் வாக்கிங்’ என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பு.

‘எட்’ ஈறு இறந்தகால வினையா, பார்ட்டிசிபிளா என்று அறிய எளிய வழி, ‘சா’ (இறந்தகாலம்), ‘சீன்’ (பார்ட்டிசிபிள்) என உருமாறும் ‘சீ’ வினையை அங்கே வைத்துப் பார்ப்பது. ‘தி மேன் அரெஸ்டட் நியர் சென்ட்ரல் எஸ்கேப்டு’ என்பதில் அரெஸ்டட் இருக்குமிடத்தில் ‘சீன்’தான் பொருந்தும். ஆகவே கைது செய்யப்பட்டவர். கைது செய்தவர் அல்ல.

வேலை விண்ணப்பங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்றே பலர் முடிக்கிறார்கள். அந்த ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பார்க்கட்டும். பொருந்தினால் அங்கே பெயர்தான் வர வேண்டும்: ‘டு மீட்டிங் யூ’. ‘ஐ வான்ட் டு’வுக்குப் பின் ‘இட்’ பொருந்தாது; அங்கே வெறும் ‘மீட்’ சரி.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை.