செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஹைட்ரண்டுகளைத் திறந்து பார்த்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ பிளாக் லிஃப்ட்டின் கயிறு மாற்றப்பட்டது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஊதுகுழல் மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. பொங்கல் விழாவும் குழந்தைகளின் விளையாட்டுப் போட்டியும் நன்றாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தை நம் வளாகத்தின் ஹைட்ரண்டுகளுக்கு, அதாவது தீயணைப்புக் குழாய்களுக்குக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு செயற்குழு அதிக உழைப்பைக் கொடுத்தது அதற்குத்தான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். சென்ற ஆண்டு அந்த வாரத்தில் நம் அழைப்பை ஏற்றுத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வீரர்கள் செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். சி பிளாக் ஒன்பதாம் மாடியில் ஹோஸ் மாட்டுவதற்காக உள்ள லேண்டிங் வால்வைத் திறக்கப் போனபோது கைச்சக்கரம் அசையவில்லை. இருவர் சேர்ந்து திருப்பிய பிறகு காற்று சீறியது. அதன் பின்னால் காபி நிறத்தில் துருநீர் வந்தது, நாற்றத்தோடு. குடியேறிய நாளிலிருந்து அந்த வால்வை யாரும் திறந்ததற்குப் பதிவேட்டில் ஒரு குறிப்பும் இல்லை. சிவப்புப் பெயின்ட் மட்டும் பளபளப்பாக இருந்தது.

அன்று மாலையே செயற்குழு கூடி, வளாகத்தில் உள்ள ஒவ்வொரு வால்வையும் ஒருமுறையாவது திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓட்டிப் பார்த்து, மூடி, பதிவு செய்வது என்று முடிவெடுத்தது.

குழாய் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஹைட்ரண்ட் குழாயில் நீர் ஓடுவதில்லை, நிற்கிறது. நம் பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியில் டேங்கர் லாரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கலந்துதான் சம்ப்புக்கு வருகின்றன. உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த அந்த நீர் இரும்புக் குழாய்க்குள் மாதக்கணக்கில் நின்றால் துரு செதில் செதிலாக உதிர்ந்து அடியில் படிகிறது. அவசரத்தில் வால்வைத் திறக்கும்போது அந்தச் செதில்கள் நீரோடு கிளம்பி, ஹோஸ் முனையில் மாட்டும் நாசிலின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஃபிளஷிங், அதாவது நீரை ஓட்டிக் குழாயைச் சுத்தம் செய்யும்போது நாசிலைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். நாசில் மாட்டிப் பீய்ச்சுவது சுத்தம் செய்த பிறகு செய்யும் சோதனை.

வேலையை எப்போது செய்வது என்பதில் நிறைய விவாதம் நடந்தது. கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? வடகிழக்குப் பருவமழை முடிந்து, கிணறும் சம்ப்பும் நிரம்பியிருந்த மார்கழி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெளியேறிய நீரில் முடிந்தவரை தோட்டத்துக்கும் பின்புற மரவரிசைக்கும் திருப்பினோம். மொட்டைமாடியில் விடும் நீர் மழைநீர்க் குழாய் வழியே நேராகச் சேகரிப்புக் கிணற்றில் இறங்கிவிடும் என்பதால், முதல் மழையை வெளியேற்றும் வால்வைத் திறந்து துருநீரை வெளியே விட்டோம். நிலத்தடி நீருக்கான கிணற்றில் துருநீரை இறக்க எனக்கு மனமில்லை.

செய்த முறையையும் பதிவு செய்கிறேன், அடுத்த செயற்குழுவுக்குப் பயன்படும். முதலில் தரைத்தளத்தில் வளாகத்தைச் சுற்றி ஓடும் குழாயில், பம்ப் ரூமுக்கு அருகிலுள்ள ஹைட்ரண்டில் தொடங்கிக் கடைசி ஹைட்ரண்ட் வரை போனோம். அந்த அழுக்கு மேலே ஏறாமல் இருக்க அதை முடித்த பிறகே ஒவ்வொரு பிளாக்கிலும் மாடிகளுக்கு நீர் ஏற்றும் நிலைக்குழாயையும் தொட்டோம். மாடிகளில் வால்வோடு ஹோஸை இணைத்து, மறுமுனையைத் தாழ்வாரத் திறப்பு வழியாகத் தோட்டப் பக்கம் இறக்கி, கம்பியில் கயிற்றால் கட்டினோம். கீழே கயிறு கட்டி ஆள் நிறுத்திய பிறகே நீரை விட்டோம். கட்டாத ஹோஸ் அழுத்தத்தில் துள்ளும், அடித்தால் எலும்பு முறியும்.

வால்வின் மூடியைக் கழற்றும்போது யாரும் அதற்கு நேரே நிற்கக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் நீரும் மூடியை எறிந்துவிடும். கைச்சக்கரத்தை மெதுவாகத் திறக்க வேண்டும். மூடும்போது அதைவிட மெதுவாக மூட வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், இரும்புக் குழாயில் அந்தக் கணத்தில் 10 பாருக்கு மேல் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கூடுதல் அழுத்தம் எழும். குழாய் இணைப்புகள் பிளப்பதும் தாங்கிகள் பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். அந்த அதிர்வைப் பம்ப் ரூமில் நின்றாலே கேட்கலாம். ‘சீக்கிரம் மூடுங்க, தண்ணி வீணாகுது’ என்று கரிசனத்தோடு குரல் கொடுத்தவர்களுக்கு நான் தரும் விளக்கம் இதுவே.

கண்டறிந்த குறைகளில் பெரும்பாலானவை சிறியவை. பல வால்வுகளின் இணைப்பு வாயில் ரப்பர் வாஷர் கல்லாக இறுகியிருந்தது. தண்டைச் சுற்றிய பேக்கிங்கில் கசிவு இருந்தது. சில மாடிகளில் பித்தளை நாசில் காணாமல் போயிருந்தது. பழைய உலோகக் கடையில் விலை போகும் பொருள் என்பதால் நகரத்தின் பல குடியிருப்புகளிலும் இது நடக்கிறது. அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு நாசில் வாங்கியிருக்கிறோம். ஹோஸ் பெட்டிகளுக்குள் துடைப்பம், பழைய செய்தித்தாள், ஒரு மாடியில் கோலப்பொடி டப்பா. எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்த்துவிட்டோம். அந்தப் பெட்டியில் ஹோஸ், நாசில் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய குறை ஒன்று இருந்தது. பி பிளாக் உச்சி மாடியில் நீர் வந்தது, தெளிவாகவும் வந்தது. ஆனால் நீர் ஓடும்போது அழுத்தமானி 2 பாரைத் தாண்டவில்லை. மிக உயரத்தில், மிகத் தொலைவில் உள்ள வால்விலும் 3.5 பார் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு மேல் 14 மாடி, ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு பார் குறையும் என்பதால் ஏறுவதற்கே நாலரை பார் செலவாகிறது. அதன்மேல் மூன்றரை, குழாய் உராய்வு தனி. அப்படியானால் பம்ப் 8 பாருக்கு மேல் தள்ளியாக வேண்டும். பம்ப் அதைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. தேடிப் பார்த்ததில், நிலைக்குழாயின் அடியில், அந்தக் குழாயை மட்டும் தனியாக அடைப்பதற்கான பிரிப்பு வால்வு பாதி மூடியிருந்தது. எப்போதோ கசிவை அடைக்க மூடியவர்கள் முழுதாகத் திறக்காமல் போயிருக்கிறார்கள். திறந்தவுடன் அழுத்தம் தேவையான அளவுக்கு மேல் ஏறியது.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. நிலைக்குழாயின் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸில் நீர் வந்தும் விசை வரவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். கடைசியில் 30ஆம் மாடியில் இருந்த, தானாக நீர் தெளிக்கும் பத்து ஸ்பிரிங்க்ளர்கள்தான் தீ மேலே ஏறாமல் நிறுத்தின. அங்கே தவறியது அழுத்தக் குறைப்பு வால்வு, நம் வளாகத்தில் தவறியது பிரிப்பு வால்வு. இரண்டிலும் குழாய் இருந்தது, பம்ப் இருந்தது, நீரும் இருந்தது. திறந்து அளந்து பார்க்காதவரை குறை யார் கண்ணிலும் படாது. அழுத்தமானி இல்லாத சோதனையைச் சோதனை என்று நாம் இனி ஏற்கக் கூடாது.

பம்ப் ரூமைப் பற்றி ஒன்று. ஜாக்கி பம்ப் என்ற சிறிய பம்ப் குழாயின் அழுத்தத்தை எப்போதும் தாங்கிப் பிடிக்கிறது. யாராவது வால்வைத் திறந்து அழுத்தம் விழுந்தால் நிமிடத்துக்கு 2280 லிட்டர் தள்ளும் மெயின் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் இல்லையென்றால் டீசல் பம்ப். மெயின் பம்ப்பைக் கையால்தான் நிறுத்த வேண்டும், அதுதான் முறை. ஆனால் நிறுத்தியவர் சுவிட்சை மறுபடி ‘ஆட்டோ’வில் வைக்காமல் போய்விட்டால் மூன்று பம்ப்பும் இருந்தும் பயனில்லை. இப்போது வாரம் ஒருமுறை டீசல் பம்ப்பை ஓட்டி, பேட்டரி பார்த்து, சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருப்பதைக் கண்ணால் கண்டு இருவர் கையெழுத்திடுகிறார்கள். இரவுக் காவலர் இருவரும் இதில் காட்டும் அக்கறைக்கு இந்தப் பொதுக்குழு கைதட்டிப் பாராட்ட வேண்டும்.

பயிற்சியில் பெண்கள் அதிகம் கலந்துகொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. 20 மில்லிமீட்டர் நாசிலில் 3.5 பார் அழுத்தத்தில் நொடிக்கு 8 லிட்டர் நீர் பாய்கிறது. அது பிடித்திருப்பவரை ஏறக்குறைய 22 கிலோ விசையோடு பின்னால் தள்ளும். எனவே பெரிய ஹோஸை ஒருவர் தனியாகப் பிடிக்கக் கூடாது. தீயணைப்புத் துறை வரும்வரை நம்மால் கையாளக்கூடியது சுருளில் இருக்கும் 19 மில்லிமீட்டர் ரப்பர் குழாய்தான். அதையும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பயன்படுத்த வேண்டும். எரியும் எண்ணெய்ச் சட்டியில் எந்த நீரையும் ஊற்றக் கூடாது. முதலில் 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

நனைந்த ஹோஸ்களை மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டு முழுதாக உலர்த்திய பிறகே சுருட்டி வைத்தோம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து நூல் இற்றுவிடும். மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் மாற்றி மடிக்கவும் வேண்டும். ஒரு வாரம் படிக்கட்டில் ஹோஸ் தொங்கியதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி.

இனிப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். தீயணைப்புத் தொட்டியின் நீரை எந்தப் பஞ்சத்திலும் வீட்டு உபயோகத்துக்கு எடுப்பதில்லை என்பது முதலாவது. 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம், அந்த நெருக்கடியிலும் இந்தத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். லாரித் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழுந்து, அது நிரம்பி வழிந்து வீட்டுச் சம்ப்புக்குப் போகும்படி குழாயை மாற்றினால் தொட்டியும் நிறைந்திருக்கும், நீரும் பழசாகாது. இரண்டாவது, வாயிலருகே தீயணைப்பு வண்டி நீர் செலுத்தும் நான்கு வழி இணைப்பின் முன்னால் வண்டி நிறுத்தத் தடை. சிவப்புக் கோடு போட்டாயிற்று, ஆனாலும் இரு சக்கர வாகனங்கள் நிற்கின்றன. மூன்றாவது, பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு முழு ஃபிளஷிங், உச்சி மாடியில் அழுத்த அளவீடு, வால்வு வாரியான பதிவேடு ஆகியவற்றைச் சேர்ப்பது. தொகை கொஞ்சம் கூடும். விவரம் பொருளாளரின் அறிக்கையில் உள்ளது.

பழைய அனுபவத்தைப் பகிர்ந்து, முழங்கால் வலியோடு எல்லா மாடியும் ஏறி வந்த ஏ பிளாக்கின் ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலருக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. பிளம்பருக்கும், வெயில் பாராமல் கீழே கயிறு பிடித்து நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அடுத்த ஃபிளஷிங் வரும் மார்கழியில் சி பிளாக்கில் தொடங்கும். தேதி அறிவிப்புப் பலகையில் வரும். தோட்டப் பக்கம் கார் நிறுத்துபவர்கள் முந்தைய இரவே எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்