பி.எச். மட்டும் பார்த்தால் போதாது: நிலத்தடி நீர்க் கண்காணிப்பைத் திருத்தக் கோரி மனு

பெறுநர்: மண்டலத் தலைவர் அவர்கள், நீர் மற்றும் துப்புரவுத் துறை, குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.

பொருள்: டண்டீ வட்டார நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கும் முறை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நடுநிலையான 7-ஐ ஒட்டி இருப்பதைக் காட்டியே தண்ணீருக்குக் குறையில்லை என்று சுரங்கத் தரப்பு அறிக்கை தருகிறது. நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டால் அமிலத்தைக் கக்கும். பாறையிலுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அதை முறித்தாலும், கந்தகத்திலிருந்து வரும் சல்பேட் பெருமளவு நீரிலேயே தங்கிவிடும். கால்சைட் தீரும்வரை பி.எச். அசையாது, அசையும்போது காரியம் கைமீறியிருக்கும். ஆகவே சல்பேட்டையும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும்தான் முதலில் பார்க்கவேண்டும். சான்ஸ் 241 என்ற தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரத்தில் சல்பேட்டின் உடல்நல வரம்பு லிட்டருக்கு 500 மி.கி.; சுவை சார்ந்த வரம்பு 250. அளவு தொடர்ந்து ஏறினாலே, 250-ஐத் தொடும் முன்பே, துறை விளக்கம் கேட்க வேண்டுகிறோம்.

பம்பு போடுமுன் நீர்மட்டத்தை அளக்கவேண்டும். குழாயில் தேங்கிய மேல்நீரை மொண்டு அனுப்புவது வீண்; அது பாறைநீர் அல்ல. 165 மி.மீ. உள்விட்டக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும். நிற்கும் நீரைப்போல் மும்மடங்கு இறைக்கவேண்டும்; 30 மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 1,900 லிட்டர் இறைத்து, மின்கடத்துதிறனும் வெப்பநிலையும் நிலைத்த பிறகே புட்டியை நிரப்பவேண்டும்.

உலோகங்களை அளக்க எடுக்கும் நீரை அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழ் வரும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்கவேண்டும். வடிக்காமல் அமிலம் விட்டால் களிமண்ணில் ஒட்டிய உலோகமும் கரைந்து கணக்கு கூடிவிடும். அமிலமே விடாவிட்டால் இரும்பு துருவாகப் படியும்: புட்டியின் அடியில் செம்பழுப்பு வண்டல் தெரிந்தால், அந்த இரும்பு அறிக்கையில் வராது. சல்பேட்டுக்கு அமிலம் சேர்க்காத தனிப்புட்டி, ஐஸ் பெட்டியில்.

நிலத்தடி நீரோட்டத்தின் மேற்புறம், சுரங்கக் கழிவுக் குவியலின் பாதிப்பு எட்டாத கிணறு ஒன்று ஒப்பீட்டுக்குக் கட்டாயம் தேவை. அது இல்லாத அறிக்கையை ஏற்கவேண்டாம். குவியலில் சேர்ந்த உப்பை, இங்கே அக்டோபரில் தொடங்கும் கோடை மழைதான் கழுவி இறக்குகிறது. எனவே அக்டோபர் முதல் மார்ச் வரை மாதந்தோறும், மற்ற மாதங்களில் காலாண்டுக்கொருமுறை மாதிரி எடுக்கவேண்டும். வறண்ட மாதங்களில் மட்டும் எடுத்த எண்களின் சராசரி யாருக்கும் உதவாது.

1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாசைத் தடுக்கும் பொறுப்பை நிலத்தை வைத்திருப்பவர்மீதும் பயன்படுத்துபவர்மீதும் சுமத்துகிறது. அதன்படி மேற்கண்ட முறையை உரிம நிபந்தனையில் சேர்க்கவும், வரும் அக்டோபருக்கு முன் துறை அலுவலர் முன்னிலையில் ஒரே நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நாங்கள் தேர்ந்தெடுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சுரங்கத்தை அடுத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பங்கள், டண்டீ.