2025ஆம் ஆண்டுக்கான செயலர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள டார்லிங்டன் பந்தயத் தளத்தில் நடைபெறும் ஸ்டாக் கார் (சாலைக் கார்களின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்) பந்தயங்களின் ரசிகர்களாகிய நம் சங்கத்தின் ஓராண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

புதிய உறுப்பினர்கள் அனைவரும் முதலில் கேட்டது, தளம் ஏன் இப்படி ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் முட்டை வடிவில் கோணலாக இருக்கிறது என்பதே. பிப்ரவரிக் கூட்டத்தில் மதிய உணவுக்கு வந்த அவித்த முட்டையொன்றை நீளவாக்கில் அறுத்துத் தட்டில் கவிழ்த்து, அதன் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினேன். அகன்ற முனையில் தடையின்றிச் சென்ற விரல் கூர்முனையில் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. 1949இல் ஹெரால்டு பிராசிங்டன் இத்தளத்தை அமைக்கத் தொடங்கியபோது, நிலத்தை விற்ற ஷெர்மன் ராம்சே, தூண்டில் இரைக்கான பொடிமீன் வளர்ந்த தம் குளத்தைத் தொடக்கூடாது என்று நிபந்தனை விதித்ததால், அப்பக்கத்து முனையைக் குறுக்க வேண்டியதாயிற்று. 1950 செப்டம்பர் 4 அன்று நடந்த முதல் சதர்ன் 500 என்னும் 500 மைல் பந்தயத்தில் 75 கார்கள் கலந்துகொண்டதும், வேகமான கார்களெல்லாம் டயர் வெடித்துத் தவித்தபோது, கடினமான டயர்களுடன் நிதானமாக ஓடிய ஜானி மான்ட்ஸின் பிளிமத் வென்றதும் நாம் அலுக்காமல் பேசும் கதை.

குளத்தின் விளைவை இன்றைய பொறியாளர்களும் அனுபவிக்கிறார்கள். 1.366 மைல் சுற்றில், முதல் இரு வளைவுகளின் சரிவு 25 பாகை, அடுத்த இரண்டின் சரிவு 23 பாகை. வளைவின் ஆரமும் இரு முனைகளிலும் ஒன்றல்ல. ஒரு முனைக்கு ஏற்பச் சஸ்பென்ஷனை (சக்கரங்களைத் தாங்கும் சுருள்வில் அமைப்பை) சரிசெய்தால், மறுமுனையில் கார் திரும்ப மறுக்கும், அல்லது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சமரசத்தோடுதான் ஓட்டுநர் புறப்படுகிறார். வேகமான பாதையோ வெளிச்சுவரை ஒட்டியே செல்வதால், வலப்பக்கம் உரசிப் பெயின்ட் பெயர்வது இங்கு வாடிக்கை. ‘டார்லிங்டன் கோடு’ என்று அதற்குப் பெயரே உண்டு. சொரசொரப்பான தளம் டயரை அரைத்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 6 அன்று நடந்த 400 மைல் பந்தயத்துக்குச் சங்கமாகச் சென்றிருந்தோம். வாடகைக் கூடாரம் பந்தயம் தொடங்கிய பின்னரே வந்து சேர்ந்ததால், மூத்த உறுப்பினர்கள் வெயிலில் அமர நேர்ந்ததற்குச் செயலர் என்ற முறையில் வருந்துகிறேன். கூடாரத்தை வாடகைக்கு விட்டவரை இனி அணுகுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. முதல் சுற்றிலிருந்து தொடர்ந்து 243 சுற்றுகள் வில்லியம் பைரன் முன்னிலை வகித்தும், இறுதியில் வென்றவர் டென்னி ஹாம்லின். கடைசி டயர் மாற்றத்தின்போது ஹாம்லினின் பிட் குழுவினர் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தி டயர் மாற்றும் குழுவினர்) முடித்த வேகமே முடிவைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. பைரனின் ரசிகர்களான நம் உறுப்பினர் சிலர் இதை இன்னும் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 31 அன்று நடந்த சதர்ன் 500 பந்தயத்தின் 367 சுற்றுகளில் 309 சுற்றுகள் முன்னிலையில் இருந்த சேஸ் பிரிஸ்கோ, இரண்டாம் ஆண்டாகக் கோப்பையைத் தக்கவைத்தார். 2005, 2006 ஆண்டுகளில் கிரெக் பிஃபிள் வென்ற பிறகு அடுத்தடுத்து இருமுறை வென்றவர் இவரே. கடைசிச் சுற்றில் டைலர் ரெட்டிக் நெருங்கி வந்தபோது நம் வரிசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கான சந்தாவை உயர்த்தாமல், கூடாரத்தைச் சொந்தமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

இவண்,
செயலர்