‘பேசிக்கலி’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது?

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை.

பேத்திக்கு ஆங்கில அட்வெர்ப்களை, அதாவது வினையடைகளை, பிரித்துக் காட்டுவதில் குழப்பம் என்று எழுதியிருந்தாய். பாடத்தைக் ‘குயிக்லி’யில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். வாயில் வரும் அசையாக வெட்டினாலும், பொருள் தரும் உறுப்பாக வெட்டினாலும் அது குயிக், லி என்றுதான் வரும். இரண்டும் ஒரே வேலை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

‘பியூட்டிஃபுலி’யைக் கொடுத்துப் பார். உறுப்பு மூன்று: பியூட்டி, ஃபுல், லி. வாயில் வரும் அசையோ நான்கு: பியூ, டி, ஃபு, லி. எழுத்தில் ‘எல்’ இரண்டு இருந்தாலும் நாக்கு ஒன்றைத்தான் சொல்கிறது. ஃபுல்லின் கடைசி எழுத்தும் லியின் முதல் எழுத்தும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ‘பேசிக்கலி’ வேறு மாதிரி. எழுதும்போது பேசிக், அல், லி. பேச்சில் ‘அல்’ பெரும்பாலும் காணாமல் போய் பே, சிக், லி என்று நிற்கும். இத்தனைக்கும் ‘பேசிக்கல்’ என்று தனியாக யாரும் சொல்வதில்லை. இப்படி ‘ஐ’, ‘சி’ என்ற எழுத்துகளில் முடியும் சொற்களில் பெரும்பாலும் ‘பப்ளிக்’ மட்டும் ‘அல்’ இல்லாமல் நேராக லியைச் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தின் குறும்பு அது.

நாம் படித்த இலக்கணத்தில் இந்த இரண்டு வெட்டும் தனித்தனியாகத்தானே இருந்தன? பகுதி, விகுதி, சந்தி, விகாரம் என்று நன்னூல் வழியில் உறுப்பு பிரிப்போம். செய்யுள் என்றால் நேர், நிரை என்று அலகிடுவோம். சீருக்காகச் சொல்லையே அறுத்தால் அதற்கு வகையுளி என்று பெயரும் உண்டு. பேத்திக்கு இப்படியே சொல்லிக்கொடு. ‘ஹேப்பி’யின் ‘ஒய்’, ‘ஹேப்பிலி’யில் ‘ஐ’ ஆவது திரிதல். ‘ட்ரூ’வின் ‘ஈ’, ‘ட்ரூலி’யில் விழுவது கெடுதல்.

அப்புறம், லி சேர்ந்தால் அழுத்தம் பொதுவாக இடம் மாறாது. ‘பியூட்டிஃபுல்’லில் முதல் அசையை அழுத்தினால் ‘பியூட்டிஃபுலி’யிலும் அதேதான். ‘நெசஸரி’ அடங்காப்பிடாரி, அமெரிக்கர்கள் ‘நெசஸரிலி’யில் அழுத்தத்தை மூன்றாம் அசைக்குத் தள்ளிவிடுவார்கள். பரீட்சைக்கு இது வேண்டாம், பேசுவதற்கு உதவும்.

‘ஃப்ரெண்ட்லி’யை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதே. லி இருந்தாலும் அது பெயரடை.

தை பிறந்ததும் கும்பகோணம் வருகிறேன். பெரியவனுக்குப் பெண் பார்க்கிற விஷயமாக உன்னிடம் நிறையப் பேச வேண்டும்.

அன்புடன்,
ராகவன்