வடத்தைப் பிடிக்கும் கை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த செல் பிரிதல் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 'கதிர் இழைகள் குரோமோசோம்களைத் தேர் வடம் போல இழுக்கின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வடத்தைத் தேரில் எங்கே கட்டியிருக்கிறது? குறை சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான், வருஷக்கணக்கில் பிளஸ் டூ வகுப்பில் இதே வரியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பூம்பாறையில் இருப்பதால் மலைப்பூண்டு வேரில்தான் இதைக் காட்டுவேன். பூண்டுப் பல்லைத் தண்ணீர் பாட்டில் வாயில் உட்கார வைத்தால், தை மாசக் குளிரில் வேர் எட்டிப் பார்ப்பதற்குள் நம் பொறுமை போய்விடும். அப்புறம் நுனியை வெட்டி, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு, லேசாகச் சூடு காட்டி, கட்டை விரலால் நசுக்கிப் பார்த்தால் 16 குரோமோசோம்கள் செக்கச்செவேலென்று தெரியும். ஒரு தடவை ஒரு மாணவி, "சார், இதை எது பிடிச்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள். அந்தச் சாயத்தில் இழையும் தெரியாது, பிடியும் தெரியாது. திருதிருவென்று விழித்தேன். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

அந்தப் பிடிக்குப் பெயர் கைனெட்டோகோர். குரோமோசோமின் இடுப்பில் புரதங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கட்டிய மேடை. மனிதச் செல்லில் நூறு வகைக்கு மேல் புரதங்கள் இதில் உண்டு. கதிர் இழை என்பது 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்களால் ஆனது. அந்தக் குழலை நேராகப் பிடிப்பது என்டிசி80 என்ற, நான்கு புரதங்கள் சேர்ந்த நீளக் கோல். வேடிக்கை என்னவென்றால், பிடித்திருக்கும் முனையிலேயே குழல் உதிர்ந்து குட்டையாகிறது, கைனெட்டோகோர் அந்த உதிரும் முனையை விடாமல் தொற்றிக்கொண்டே நகர்கிறது. ஒரே கை இறுக்கிப் பிடித்தால் இது நடக்காது. பல கோல்கள், ஒவ்வொன்றும் லேசாகப் பிடித்து, ஒன்று விட்டால் இன்னொன்று என்று போகும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் போதாக்குறைக்கு ஒரு புரத வளையமே குழலைச் சுற்றி நிற்கிறது.

தேர் என்றீர்களே, எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் தேரைச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். மலைச்சரிவு என்பதால் அதற்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். இரண்டு நகல்கள் ஒட்டி நிற்கும் இரட்டைக் குரோமோசோமுக்கும் செல்லின் இரண்டு துருவத்திலிருந்தும் இழுப்பு வர வேண்டும். இரண்டு நகல்களின் பிடியும் ஒரே துருவத்துக் குழல்களில் மாட்டிக்கொண்டால் விறைப்பு இருக்காது. அப்போது அரோரா பி என்ற நொதி என்டிசி80 மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். நுண்குழலுக்கு எதிர் மின்சுமை, பாஸ்பேட்டுக்கும் அதேதான், அதனால் பிடி தளர்ந்து குழல் கழன்றுவிடும், மறுபடி சரியாகப் பிடிக்க வழி கிடைக்கும். ஒரே ஒரு கைனெட்டோகோர் குழல் மாட்டாமல் நின்றாலும் மொத்தச் செல்லும் பிரியாமல் காத்திருக்கும். தேருக்குக்கூட நம் ஆட்கள் இவ்வளவு பொறுமையாக நிற்பதில்லை!

மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள், அதுதான் நம் செங்காந்தள். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள், குழல் கட்டும் டியூபுலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழலையே எழும்ப விடாது. பிடி தயாராக இருக்கும், பிடிக்கத்தான் ஒன்றும் இருக்காது.

உங்கள் படத்தில் இழை நேராகப் போய்க் குரோமோசோமில் முட்டி நிற்கிறது. திருத்தம் போட இடமிருந்தால், அந்த முட்டும் இடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியர்,
பூம்பாறை, கொடைக்கானல்.