ஐக்கிய விருந்துக்குக் கறி கொண்டுவர வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

சபைக்குள் ஐக்கியம் குறைந்துபோயிற்று என்ற முறைப்பாடு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறு சபைகளில் ஓயாமல் கேட்கிறது. அதற்குச் செய்யும் வைத்தியமும் அநேகமாக ஒன்றுதான்: வெளியூர்ப் பேச்சாளர், வாடகை ஒலிபெருக்கி, வாசலில் பெரிய பேனர், கடைசியில் சாப்பாட்டுப் பார்சல். இருபது இருபத்தைந்து குடும்பம் உள்ள சபைக்கு இது ஒத்துவராது. ஆசீர்வாதம் சொல்லி முடியுமுன்பே பார்சலுக்கு வரிசை நிற்கும். கையில் வாங்கியதும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும்.

மெதடிஸ்த மிஷன் 1814இலேயே வந்துசேர்ந்த ஊர் மட்டக்களப்பு. கத்தோலிக்கர் அதற்கும் முன்பிருந்தே வேரூன்றியவர்கள். இவர்களுக்கு நடுவில் பிரெஸ்பிட்டேரியன் சபை என்றால் "அது எங்கே இருக்கு?" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் சிறு கூட்டத்துக்கென்றே அமைத்ததுபோன்ற ஒழுங்கு அதற்கு உண்டு. போதகர் தனியே எதையும் முடிவெடுப்பதில்லை; சபையார் தெரிந்தெடுத்த மூப்பர்கள் அவரோடு செஷன் என்ற குழுவாகக் கூடித் தீர்மானிக்கிறார்கள். ஏழை எளியவரைப் பார்ப்பது உதவிக்காரரின் பொறுப்பு. இந்த ஒழுங்கைக் கூட்டக் குறிப்பு எழுதவும் கையொப்பம் வைக்கவும் மட்டும் பாவிப்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஐக்கிய விருந்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறை, வீட்டுக்கொரு கறி. இதில் முதலாவது சிக்கல், ஆறு வீட்டிலிருந்து பருப்பு வரும், சோறு பத்தாது. அதைச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. வசதியுள்ள வீட்டு இறால் கறிக்குப் பக்கத்தில் தன் வீட்டுக் கத்தரிக்காய்ச் சட்டி தொடப்படாமல் இருப்பதைப் பார்த்த அம்மா, அடுத்த மாதம் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று நின்றுவிடுவார். கொரிந்து சபையில் ஒருவன் பசித்திருக்க மற்றவன் குடித்து வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்தது (1 கொரிந்தியர் 11) இந்த மேசையைப் பற்றித்தான்.

ஆகவே சமையல் சபை வளவிலேயே நடக்கட்டும், அதுவும் ஆராதனை முடிந்த பிறகு. ஆராதனை நேரத்தில் அடுப்பு எரிந்தால் நாலைந்து பெண்கள், அதுவும் எப்போதும் அதே பெண்கள், பிரசங்கம் கேட்காமல் புகைக்குள் நிற்பார்கள். எட்டரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு ஆராதனை முடிந்தால், பத்தேகாலுக்கு அடுப்பு மூட்டிப் பன்னிரண்டரைக்குச் சாப்பிடலாம். விருந்தைவிட அந்த இரண்டேகால் மணித்தியாலம்தான் முக்கியம். பக்கத்து வாங்கில் வருடக்கணக்காக இருந்தும் பேசாத இருவர், ஒரே சுளகில் வெங்காயம் உரிக்கும்போது பேசியே ஆகவேண்டும்.

அறுபது பேருக்குக் கணக்கு இப்படி வரும்: அரிசி 8 கிலோ (ஒரு கிலோ ஏழெட்டுப் பேருக்குப் போதும்), பருப்பு ஒன்றரைக் கிலோ, கோழி 7 கிலோ, பூசணிக்காய் 5 கிலோ, தேங்காய் 12, வெள்ளரிக்காய், அப்பளம். எட்டுக் கிலோவையும் ஒரே கிடாரத்தில் போடக்கூடாது. அடியில் குழைந்து பிடிக்கும், மேலே வேகாத அரிசியாகவே இருக்கும். நாலு நாலு கிலோவாக இரண்டு பாத்திரத்தில், தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு வடிப்பதே பாதுகாப்பு. பன்னிரண்டு தேங்காய் என்றால் இருபத்துநாலு பாதி; மூன்று திருவலை இருந்தால் ஆளுக்கு எட்டுப் பாதி, அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். திருவலையில் ஆண்கள் உட்காரட்டும். கோயில் அன்னதானத்திலும் பள்ளிவாசல் கந்தூரியிலும் கிடாரம் கிண்டுவது ஆண்கள்தானே, தேவாலயத்தில் மட்டும் கை ஏன் கூசவேண்டும்?

கோழியைச் சனிக்கிழமை பின்னேரமே வெட்டி இரண்டு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் வைத்துவிட வேண்டும். ஏழு கிலோவை ஐம்பது கிராம் அளவில் வெட்டினால் நூற்று நாற்பது துண்டு. ஆளுக்கு இரண்டு போக இருபது மிஞ்சும். இதை ஒருவர் கரண்டியோடு நின்று பரிமாற வேண்டும். மற்றவற்றைத் தாங்களே எடுக்கலாம். கோழியையும் அப்படி விட்டால் முதல் இருபது பேர் அள்ளிப்போட, கடைசியில் நிற்பவர்களுக்குக் குழம்புதான். கடைசியில் நிற்பது பெரும்பாலும் கூச்ச சுபாவமுள்ளவர்களும் புதிதாக வந்தவர்களும் என்பதால் இது சின்ன விசயமல்ல. பரிமாறுவது மூப்பர்களின் வேலை. அவர்கள் கடைசியாகச் சாப்பிடட்டும்.

நடமாட முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கான பார்சலை முதலிலேயே கட்டவேண்டும், மிச்சத்தில் அல்ல. சுடச்சுட லஞ்ச் ஷீற்றில் சுற்றினால் வியர்த்து, போய்ச் சேருமுன் பழுதாகும். ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டுக் கட்டினால் தாங்கும். நம்மூர் வெக்கையில் தேங்காய்ப்பால் விட்ட கறி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது. பச்சைத் தேங்காய்ச் சம்பல் சீக்கிரம் புளிக்கும், பெரிய விருந்தில் சம்பலே வேண்டாம். மிச்சம் எதுவானாலும் இரண்டு மணிக்குள் பங்கிட்டு அனுப்பிவிட வேண்டும்.

அரிசிக்குப் பணம் சேர்க்கத் தேவையில்லை. பழைய பிடியரிசி வழக்கம் போதும். சோறு வடிக்கும்போது ஒரு பிடி, ஏறக்குறைய நாற்பது கிராம், தனி டின்னில் போட்டுவந்தால் மாதத்துக்கு ஒரு வீட்டில் 1.2 கிலோ சேரும். இருபத்துநாலு வீட்டில் பாதி வீடுகள் கொடுத்தாலே பதினாலு கிலோவுக்கு மேல் வரும். எட்டுக் கிலோ விருந்துக்குப் போக மிச்சத்தை உதவிக்காரர் தேவையுள்ள வீட்டுக்குச் சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதில் தவறுவது ஒரு இடத்தில்தான்: பச்சையரிசியும் புழுங்கலும் ஒரே டின்னில் கலந்துவிடும். ஒரு பானையில் போட்டால் பச்சையரிசி களியாகும், புழுங்கல் வேகாமல் நிற்கும். தேவாலயத்தில் இரண்டு வாளி வைத்து, பச்சையரிசியைக் கஞ்சிக்கோ பிட்டு மாவுக்கோ ஒதுக்கிவிடுங்கள். வண்டு பிடிக்காமல் காய்ந்த வேப்பிலை போடலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயர் எழுதவே வேண்டாம்.

அடுத்தது வீடு சந்திப்பு. 1541இல் ஜெனீவா நகரச் சபைக்குச் சீர்திருத்தவாதி கல்வின் ஒழுங்கு எழுதியபோது பன்னிரண்டு மூப்பர்களை வைத்தார். நகரின் எந்தப் பகுதியும் பார்க்க ஆளில்லாமல் போகாதபடி அவர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது விதி. இருபத்துநாலு குடும்பத்துக்கு மூன்று மூப்பர் இருந்தால் ஆளுக்கு எட்டு வீடு; கிழமைக்கு ஒரு வீடு என்று போனால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். பிரிக்கும்போது தன் குடியை (தாய்வழிக் குலத்தை) சேர்ந்த வீடுகளை அவரவருக்கே கொடுக்கக்கூடாது. அங்கே எப்படியும் போய்வருவார். அங்குள்ள மனஸ்தாபங்களிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். கணவர் மத்திய கிழக்கில் இருக்கும் வீட்டுக்கும் விதவைகள் வீட்டுக்கும் ஒரு பெண் கூடப் போகவேண்டும். அரை மணித்தியாலம் போதும். சந்தா உறையைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒருமுறை கொண்டுபோனால் அடுத்த முறை படலை திறக்கச் சுணங்கும். குறிப்புப் புத்தகத்தில் திகதியும் தேவையும் மட்டும் இருக்கட்டும். குடும்பக் கதை எழுத்தில் ஏறக்கூடாது.

நம் பகுதியில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் சிறு சபையில் புதுமுகம் என்றால் பெரும்பாலும் மருமகன்தான், பலவேளை வேறு ஊர், சிலவேளை வேறு சமயம். "வாங்க தம்பி" என்று கைகுலுக்கிவிட்டு அவரைப் பின்வாங்கில் தனியே விடுவதைவிட, வந்த முதல் ஞாயிறே ஒரு திருவலையைக் கொடுப்பது மேல். வேலையுள்ளவன் விருந்தாளியாக உணரமாட்டான்.

பிள்ளைகளுக்கு ஞாயிறு முழுக்க டியூஷன். ஓ.எல்., ஏ.எல். பரீட்சை எடுக்கும் வயதில் வாலிபர் கூட்டத்துக்கு வா என்றால் வரமாட்டார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. போயா (பௌர்ணமி) நாளைப் பிடியுங்கள். மாதத்துக்கு ஒன்று நிச்சயம், அரச விடுமுறை, நிலவும் உண்டு. காலையில் வளவு துப்புரவு, மாரி தொடங்குமுன் கூரைப் பீலியில் சருகு அள்ளுவது, பின்னேரம் கிரிக்கெட், இரவில் பாட்டு. ஒன்று மட்டும் கவனம்: போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டு, கோழி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கவேண்டும்.

பாடுவதில் பெரிய குறை, கீபோர்ட் வாசிக்கும் தம்பி தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் தொடங்குவது. வயதானவர்களுக்கு மேலே எட்டாது, இரண்டாம் சரணத்தில் வாயை மூடிவிடுவார்கள். ஒரு சுரம் இறக்கினாலே சபை பாடும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது ஸ்கொட்லாந்துச் சபைகளில் சங்கீதம் பாடிய பழைய முறை. கீர்த்தனை பாடிப் பழகிய நமக்கு அது புதிதும் அல்ல, புத்தகமும் குறைவாகத் தேவைப்படும்.

2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு வாசலில் ஆள் நிற்பதைத் தவிர்க்க முடியாது. ஒரே இருவரை வருடம் முழுக்க நிறுத்தாமல் கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டும். இருவரில் ஒருவராவது எல்லா முகமும் தெரிந்தவராக இருக்கட்டும்.

கடைசியாக அறுவடைத் திருநாள். பெரும்போகம் வெட்டி முடிந்த மார்ச்சில் வையுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நெல்லும் பூசணியும் அப்போதுதான் வரும். நெல் பயிரில் நிற்கும் மாதத்தில் வைத்தால் கடையில் வாங்கிய அன்னாசிப்பழத்தைத்தான் ஏலம் விடவேண்டி வரும். ஏலத்தில் வீராப்புக்கு விலையேற்றிவிட்டுக் காசு கட்டாமல் போவது பல சபைகளில் நடக்கிறது. கடன்பட்டவர் வெட்கத்தில் ஆராதனைக்கும் வராமல் நின்றுவிடுவார். பொருளுக்கு உச்ச விலை ஒன்றைச் செஷன் முன்கூட்டியே அறிவித்து, அந்த இடத்திலேயே காசு வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் ஒரு பூசணிக்காய்க்காக ஒரு குடும்பத்தை இழக்க நேராது.

சபை மூப்பர்கள் சிலர்,
மட்டக்களப்பு