ஸ்பின் ஆகாத வாஷிங் மெஷின்: திறந்து பார்க்காமலே மூடப்பட்ட புகார்

சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்
14.11.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: வாரண்டியில் உள்ள டாப் லோடு மெஷின் ஒரு மாதத்துக்கு மேலாக ஸ்பின் ஆகாதது, பழுது பார்க்காமலே புகாரை முடித்தது, தேவையில்லாமல் வாங்கிய பணம் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2024 ஆகஸ்ட் 11 அன்று, ஆடித் தள்ளுபடியின்போது, ஈரோட்டில் ஒரு கடையில் உங்கள் நிறுவனத்தின் ஏழரை கிலோ ஆட்டோமேட்டிக் மெஷினை 21,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். முழு மெஷினுக்கும் 2 வருடம், மோட்டாருக்கு 10 வருடம் வாரண்டி என்று அட்டையில் உள்ளது. ரசீது, வாரண்டி அட்டை, நீங்கள் கொடுத்த இரண்டு புகார் எண்கள் எல்லாவற்றின் நகலும் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

பழுது தொடங்கியது அக்டோபர் 9-ஆம் தேதி. மெஷின் தண்ணீர் எடுக்கிறது, துவைக்கிறது, அலசுகிறது, அழுக்குத் தண்ணீரை வெளியே விடுகிறது. துணியைப் பிழியும் ஸ்பின்னுக்கு வந்ததும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தொட்டி மட்டும் சுற்றுவதில்லை. நேரம் முடிந்ததும் வழக்கம்போல மணியடித்து நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் துணியெல்லாம் சொதசொதவென்று கிடக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த மெஷின் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கு வயது 78. போன வருடம் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, அன்றிலிருந்து படுக்கையில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு விரிப்பாவது மாற்ற வேண்டும், சில நாள் ஆறு. அவருக்காகத்தான் மெஷினே வாங்கினோம். இப்போது நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிகிறோம். சென்னிமலைப் பெட்ஷீட் ஈரத்தோடு என்ன கனம் கனக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். வெளியே கொடி கட்ட முடியாது. எங்கள் விசைத்தறிக் கூடத்துக்குள் காயப்போட்டால் பஞ்சு ஒட்டும், ஈரம் சொட்டித் தறியில் ஏற்றிய பாவு நூலில் விழுந்தால் நெய்யும் துணியில் கறை நிற்கும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போட்டு, இரண்டு நாள் ஆகியும் காயாமல், வாடை எடுத்ததையே மறுபடி அலசுகிறேன்.

இதைப் பார்த்துவிட்டு மாமியார் சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "எனக்கோசரம் உனக்கு இத்தன துணியா கண்ணு" என்கிறார். தண்ணீர் குறையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் டம்ளரை நீட்டுகிறேன், அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இனி உங்கள் ஆட்கள் வந்த கதை. அக்டோபர் 13-ஆம் தேதி ஒரு தம்பி வந்தார். மூடியைத் திறந்தார், தண்ணீர் வரும் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தார். "ஏனுங்க்கா, போர் தண்ணிங்களா? உப்பு ஏறிப் போச்சுங்க" என்றார். பையிலிருந்து உப்பு நீக்கும் பவுடர் மூன்று பாக்கெட் எடுத்துக் கொடுத்து 1,350 ரூபாய் வாங்கினார். துணி போடாமல் பவுடரை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார். மூன்றையும் ஓட்டிவிட்டோம். தொட்டி பளபளவென்று ஆகியிருக்கிறது, சுற்றத்தான் இல்லை.

அக்டோபர் 25-ஆம் தேதி வந்தவர் வேறொருவர். கரண்ட் ஏறி இறங்கி போர்டு போய்விட்டது, அது வாரண்டியில் வராது, 4,800 ரூபாய் ஆகும் என்றார். மீட்டர் வைத்து எதையும் அளந்து பார்க்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஸ்டெபிலைசர் வழியாகத்தான் ஓட்டுகிறோம் என்று காட்டினேன், அப்போதும் அதில் 226 வோல்ட் என்று ஓடிக்கொண்டிருந்தது. உடனே, "அப்பொ ஜமக்காளம் போட்டிருப்பீங்க, லோடு தாங்காம போயிருக்கும்" என்றார். ஜமக்காளத்தை எங்கள் ஊரில் யாரும் மெஷினில் போட மாட்டார்கள். போர்டு மாற்ற வேண்டாம் என்றதும், வந்து போன கூலி என்று வரியோடு 590 ரூபாய் வாங்கினார். வாரண்டியில் இருக்கும் மெஷினுக்கு எதற்குக் கூலி என்று கேட்டேன், கம்பெனி ரூல் என்றார். கிளம்பும்போது, "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமுங்க, சொல்லுங்க. வந்துட்டுப் போனேன்னு பதிவு பண்ணோணும்" என்று கேட்டார். நம்பிச் சொன்னேன். சாயங்காலம் உங்கள் நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, நன்றி.

அந்த நம்பரைச் சொன்னால் வேலை முடிந்து எனக்குத் திருப்தி என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடந்ததில் எனக்கு அதிகம் மனக்கசப்பு தந்தது இதுதான். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சரியாகாத ஒன்றைச் சரியாகிவிட்டது என்று என் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் புதிதாகப் புகார் பதிந்தேன். நவம்பர் 6-ஆம் தேதி ஆள் வருவார் என்றார்கள். காலையில் ஒருவர் போனில் கூப்பிட்டார், "உப்புத் தண்ணி ஏரியாதானுங்களே, வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்று பதிவாகியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அன்று முழுக்க வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன்.

வந்த இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் அன்றைக்கு மட்டும் பதினோரு வீடு போக வேண்டும் என்றார். பையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் பவுடர் பாக்கெட்டுகளும்தான் இருந்தன. இவ்வளவை மட்டும் கொடுத்து அனுப்பினால் அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்?

நாங்கள் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர்கள். பெல்ட் நழுவினால் என்ன சத்தம் வரும், கெப்பாசிட்டர் போனால் மோட்டார் எப்படி முனகும் என்பதெல்லாம் காதிலேயே இருக்கிறது. நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, தறியை நிறுத்திவிட்டு நானும் வீட்டுக்காரரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. கண்ணாலும் காதாலும் பார்த்ததுதான்.

முதலில் துணியே இல்லாமல் ஸ்பின் மட்டும் வைத்தோம். துணி ஒரு பக்கம் ஒதுங்கியதால் சுற்றவில்லை என்று சொல்ல இனி வழியில்லை. அப்படி ஒதுங்கியிருந்தாலும் மெஷினே தண்ணீர் பிடித்துத் துணியைப் பிரித்துவிட்டு மறுபடி சுற்றப் பார்க்கும், முடியாவிட்டால் பிழை எண் காட்டும். இதில் அப்படி எதுவும் வரவில்லை. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், குமிழ் நடுவில் நிற்கிறது, ஆகவே மெஷின் சாய்ந்திருக்கவில்லை. பாதித் தொட்டி தண்ணீர் இரண்டு நிமிடத்துக்குள் முழுக்க வெளியே போய்விடுகிறது, ஆகவே குழாயில் அடைப்பு இல்லை. நடுவில் மூடியைத் தூக்கினால் சத்தம் கொடுத்து நிற்கிறது, மூடினால் மறுபடி ஓடுகிறது, ஆகவே மூடி சுவிட்சும் வேலை செய்கிறது. துவைக்கும்போது தொட்டியின் அடியில் இருக்கும் தட்டு இரண்டு பக்கமும் நல்ல வேகத்தில் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்திருந்தாலோ கெப்பாசிட்டர் பலவீனமாகியிருந்தாலோ துவைப்பதும் தடுமாறும், தண்ணீரும் துணியும் சேர்ந்த கனத்தை அப்போது மோட்டார் தள்ள வேண்டும். அது சரியாக நடக்கிறது. போர்டும் கட்டளையை வரிசை மாறாமல் கொடுக்கிறது, இல்லாவிட்டால் தண்ணீர் வெளியேறி ஸ்பின் வரைக்கும் வந்திருக்காது.

கடைசியாக டார்ச் அடித்துக் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தோம். ஸ்பின் நேரத்தில் அடியில் இருக்கும் பல்சேட்டர் தட்டு மட்டும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. தொட்டி அசையாமல் நிற்கிறது.

இந்த ஒன்றை உங்கள் ஆட்கள் பார்த்திருந்தால் போதும். இந்த வகை மெஷினில் துவைக்கவும் பிழியவும் ஒரே மோட்டார். துவைக்கும்போது பிரேக் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, தட்டு மட்டும் சுற்றும். தண்ணீர் விடும் நேரத்தில் டிரெயின் மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் தண்ணீர் வால்வும் திறக்கும், கிளட்ச் நெம்புகோலும் நகர்ந்து பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டியை மோட்டாரோடு சேர்க்கும். முன்பெல்லாம் தண்ணீர் போகத் தொடங்கும்போது அடியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. வால்வு திறக்கிறது, கிளட்ச் மாறவில்லை. இழுப்பு போதவில்லையா, கம்பி நீண்டுவிட்டதா, கிளட்சுக்குள்ளேயே பல்லோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டதா என்பது மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தால்தான் தெரியும். நான் ஒரு மாதமாகக் கேட்பது அதைத்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்புத்தான், நான் மறைக்கவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொஞ்சம் தேவலை, கோடையில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அதனால்தான் மாதம் ஒரு முறை குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன், பஞ்சு வடிகட்டிப் பையை ஒவ்வொரு முறையும் கழுவுகிறேன். 2023-இல் போர் போட்டபோது குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கே 200 வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. உங்கள் வாரண்டி அட்டையில் கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி உள்ளது. எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எண்கூட இல்லை. கொங்கு நாட்டில் போர் தண்ணீரை நம்பித் துவைக்கும் வீடுகள் எத்தனை என்பது இங்கே கடை கடையாக மெஷின் விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. விற்கும்போது தண்ணீர் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பழுதான பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதுவும், கிளட்ச் இருப்பது தொட்டிக்கு அடியில், துவைக்கும் தண்ணீர் போகாத இடத்தில். தொட்டியில் படிந்த உப்பு எப்படி அங்கே போய் நெம்புகோலை நிறுத்தும் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் எனக்கு எழுத்தில் விளக்கட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், கிளட்சும் டிரெயின் மோட்டாரும் மாற்றத் தெரிந்த ஒருவரை அந்தப் பாகங்களோடு அனுப்புங்கள். என் முன்னிலையில் மெஷினைச் சாய்த்துப் பார்த்து, எது பழுது, எதை மாற்றினார் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வாரண்டி 2026 ஆகஸ்ட் வரை இருப்பதால் இதற்குப் பணம் தர மாட்டேன். பவுடருக்கு வாங்கிய 1,350 ரூபாயையும் கூலி என்று வாங்கிய 590 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். புகார் தீர்ந்தது என்றும் நான் வீட்டில் இல்லை என்றும் இருக்கும் இரண்டு பதிவையும் திருத்த வேண்டும். சரி செய்யவே முடியாது என்றால் மெஷினை மாற்றிக் கொடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவேன், அதன் பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அங்கே போவதில் எனக்கு விருப்பம் இல்லை. அதற்கு ஆகும் நாட்களில் என் மாமியாரின் விரிப்பு காயாது.

ஆள் வருவதாக இருந்தால் முந்தின நாள் போன் செய்தால் போதும். எந்த நாளானாலும் எந்த நேரமானாலும் வீட்டில் இருப்பேன். வேலை முடிந்து, நனைந்த பெட்ஷீட் ஒன்றைப் போட்டுத் தொட்டி சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போனுக்கு வரும் நம்பரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் ரசீதில் உள்ளபடி)